பூதமும் கத்தரிக்கோலும்

சென்ற மாதம் நேயர் சகோதரி ஒருவரிடமிருந்து இப்பகுதிக்கு ஒரு கடிதம் வந்தது. மணமாகி இவ்வூருக்குக் குடிவந்த புதிதில், வாடகைக்கு எடுத்த வீடியோ நாடாவில், கணவரோடு அமர்ந்து அவர் ஓர் ஆங்கிலப் பேய்ப் படத்தைப் பார்த்திருக்கிறார். 'தி எக்ஸார்சிஸ்ட்' என்பது அதன் பெயர். அன்றிரவு விளக்கை அணைக்காமலே இருவரும் உறங்கினார்களாம். இப்பொழுது கல்லூரியில் பயிலும் அவருடைய மகன் அதே படத்தைக் கைபேசியில் போட்டுக் காட்டியிருக்கிறான். அதே நடிகர்கள், அதே வீடு, அதே கட்டில். ஆனால் அம்மையார் முன்பு கண்டறியாத காட்சிகள் சில இடையிடையே வந்தனவாம். "நான் அன்று பார்த்த படத்தில் பிசாசு வென்றது. என் மகன் காட்டிய படத்தில் பாதிரியார் வென்றிருக்கிறார். இவற்றுள் எது மெய்யான படம்? தயவு செய்து விளக்குக" என்று கேட்டிருக்கிறார்.

விளக்க முயல்கிறேன். முதற்பார்வைக்கு இக்கேள்வி சிறியதாகத் தோன்றினும் அதன் பின்னே பெரிய வழக்கு ஒன்று நிற்கிறது. ஒரு படத்தினின்று ஒரு காட்சியை நீக்கினால் படத்தின் நீளம் குறையும் என்பது எவருக்கும் தெரியும். அதில் வரும் பாத்திரத்தின் குணமே மாறிவிடக்கூடும் என்பதை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. அதிலும் அப்பாத்திரம் பேயாகவோ பூதமாகவோ இருந்துவிட்டால் அம்மாறுதல் பன்மடங்காகிவிடுகிறது.

காரணம் எளிது. குடும்பப் படம் ஒன்றில் மாமியார் வரும் காட்சிகளில் இரண்டை வெட்டிவிட்டாலும் நமக்கு இடர்ப்பாடு இல்லை. அவரவர் வீட்டு மாமியாரைக் கொண்டு இடைவெளியை நிரப்பிக்கொள்வோம். (இதைப் படிக்கும் மாமியார்கள் பொறுத்தருள்வார்களாக.) வக்கீல், வைத்தியர், வட்டிக்கடைக்காரர் எல்லோரையும் நாம் வாழ்க்கையில் கண்டு பழகியிருக்கிறோம். பூதத்தோடு பழகியவர் நம்மில் யார்? அது எப்படிப்பட்டது, எதை விரும்பும், எதற்கு அஞ்சும், அதற்கு இரக்கம் உண்டா என்பவற்றையெல்லாம் திரையில் காட்டுவதைக் கொண்டே அறிகிறோம். காட்டாது விட்ட இடத்தை நிரப்ப நம்மிடம் இருப்பது நம் அச்சம் ஒன்றுதான். அச்சமோ எப்பொழுதும் மிகுதியாகவே நிரப்பும்.

நான் அறிந்தவற்றுள் இதற்கு மிகச் சிறந்த சான்று, அமெரிக்காவின் யூனிவர்சல் நிறுவனம் 1931-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஃப்ராங்கன்ஸ்டைன்'. சகோதரியின் படத்திற்கு வருமுன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. ஜேம்ஸ் வேல் என்பவர் இதை இயக்கினார். ஹென்றி ஃப்ராங்கன்ஸ்டைன் என்னும் விஞ்ஞானி பிணங்களின் உறுப்புக்களைச் சேர்த்துத் தைத்து, இடியும் மின்னலும் மிகுந்த ஓர் இரவில் அவ்வுடலுக்கு உயிரூட்டுகிறான். அப்படி எழுந்த பிறவியாகப் போரிஸ் கார்லாஃப் நடித்தார். பூதத்தின் பெயரே ஃப்ராங்கன்ஸ்டைன் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்டதற்கு யாரும் பெயரிடவில்லை.

இப்பிறவி தீயதா, அன்றித் தீயதாக ஆக்கப்பட்டதா என்பதே படத்தின் உயிரான கேள்வி. தீயது என்பார்க்குப் படத்திலேயே ஓர் ஆதாரம் கிடைக்கிறது. விஞ்ஞானியின் உதவியாளன் ஃபிரிட்ஸ் மருத்துவக் கல்லூரிக்குள் புகுந்து மூளை திருடப் போகிறான். அங்கே இரண்டு கண்ணாடி ஜாடிகள் இருக்கின்றன. நல்ல மூளை இருந்த ஜாடியைக் கைதவறிப் போட்டு உடைத்துவிடுகிறான். குற்றவாளியின் மூளை இருந்த ஜாடியை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறான். ஆகவே பிறப்பிலேயே குற்றம் என்று முடித்துவிடலாம். ஆனால் மறு பக்கமும் உண்டு. கண் திறந்த பிறவி முதன் முதலாக வெளிச்சத்தைக் கண்டு இரு கைகளையும் மேலே நீட்டுகிறது. அதைத் தொட விரும்புகிறது. அந்த வெளிச்சத்தை மறைத்துவிடுகிறார்கள். பிறகு இருட்டறையில் சங்கிலியில் பிணைக்கப்பட்ட அதை ஃபிரிட்ஸ் தீப்பந்தம் காட்டித் துன்புறுத்துகிறான். அது அவனைக் கொல்கிறது. தன்னை உயிரோடு அறுத்துப் பிரிக்க முனைந்த டாக்டர் வால்ட்மனையும் கொன்றுவிட்டு வெளியேறுகிறது. இதுவரையில் இரு கட்சியும் சமம் எனலாம். தீர்ப்புச் சொல்ல வேண்டிய காட்சி இனிமேல்தான் வருகிறது.

ஏரிக்கரையில் மரியா என்னும் சிறுமி தனியே இருக்கிறாள். தகப்பன் வேலைமேல் சென்றிருக்கிறான். புதர்களை விலக்கிக்கொண்டு பூதம் வருகிறது. குழந்தை அஞ்சி ஓடவில்லை. அதன் கையைப் பற்றி அழைத்துச் சென்று அருகில் அமரச் செய்கிறாள். தன் கையிலிருந்த பூக்களில் சிலவற்றை அதற்குக் கொடுக்கிறாள். பூவை நீரில் எறிந்தால் படகுபோல மிதக்கும் என்று காட்டுகிறாள். பூதம் சிரிக்கிறது. படம் முழுவதிலும் அது மகிழ்ந்து சிரிப்பது அங்கே மட்டும்தான். ஒவ்வொரு பூவாக எறிகிறார்கள். பூதத்தின் கையிலிருந்த பூக்கள் தீர்ந்து போகின்றன. வெறுங்கையைப் பார்க்கிறது; குழந்தையைப் பார்க்கிறது. பூப்போன்ற அவளும் மிதப்பாள் என்று எண்ணித் தூக்கி நீரில் எறிந்துவிடுகிறது. அவள் மிதக்கவில்லை. நீரைக் கையால் துழாவிப் பார்த்துவிட்டுத் திகைத்துத் தடுமாறியபடி பூதம் ஓடுகிறது.

இதைப் பார்த்தவன் குற்றவாளியின் மூளை என்ற வாதத்தை இனி எடுக்க மாட்டான். அங்கே நடந்தது கொலையன்று. விளையாட்டின் விதியை அறியாத ஒரு பெரிய குழந்தை செய்த பேதைமை.

இக்காட்சியைத்தான் வெட்டினார்கள். அக்காலத்து அமெரிக்காவில் மாநிலங்கள் சிலவற்றில் தனித்தனித் தணிக்கைக் குழுக்கள் இருந்தன. படம் வெளியானபோதே அவற்றுட் சில இக்காட்சியின் இறுதிப் பகுதியை நீக்கச் செய்தன. 1934-ஆம் ஆண்டு முதல் ஹாலிவுட் தனக்குத்தானே விதித்துக்கொண்ட ஒழுக்க விதிகள் கடுமையாக நடைமுறைக்கு வந்தன. அதன்பின் 1930களின் பிற்பகுதியில் படத்தை மீண்டும் வெளியிட்டபொழுது அப்பகுதி இல்லாமலே வெளியிட்டார்கள். குழந்தை நீரில் விழுவதைப் பொதுமக்கள் காண வேண்டாம் என்பது அவர்கள் கருத்து. நல்லெண்ணந்தான்; நான் மறுக்கவில்லை. போரிஸ் கார்லாஃபுக்கே அக்குழந்தையைத் தூக்கியெறிவதில் உடன்பாடில்லை என்று படவரலாறு எழுதுவோர் கூறுகின்றனர்.

ஆனால் விளைந்தது என்ன? பூதம் குழந்தையை நோக்கிக் கைகளை நீட்டுகிறது. உடனே காட்சி மாறிவிடுகிறது. சிறிது நேரத்தில், ஊரே திருமணக் கொண்டாட்டத்தில் ஆடிக்கொண்டிருக்கும் தெருவில், தகப்பன் தன் மகளின் உயிரற்ற உடலை இரு கைகளிலும் ஏந்தி நடந்து வருகிறான். தலை தொங்குகிறது, ஒரு காலுறை நழுவியிருக்கிறது. நீட்டிய கைகளுக்கும் இந்த உடலுக்கும் இடையில் நடந்தது என்ன? பார்ப்பவன் தானே நிரப்பிக்கொள்கிறான். எதைக் கொண்டு நிரப்புவான் என்பதைக் குடும்பங்கள் படிக்கும் இவ்விதழில் நான் எழுத வேண்டியதில்லை. ஒரு பேதைமையை மறைக்கப் போய், வாயால் சொல்லக் கூசும் குற்றம் ஒன்றைப் பூதத்தின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

அலுவலகக் கோப்புக்களைப் புரட்டிப் பழகியவன் என்ற முறையில் எனக்கு இது நன்கு விளங்குகிறது. விசாரணைக் கோப்பு ஒன்றில் 14-ஆம் பக்கத்திற்கு அடுத்து 16-ஆம் பக்கம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14-இல் குற்றச்சாட்டு, 16-இல் தண்டனை. காணாமற் போன பக்கத்தில் குற்றம் சாட்டப்பட்டவனின் விளக்கம் இருந்திருக்கும். புதிதாக வரும் அதிகாரி எவரும் விளக்கம் எங்கே என்று கேட்கமாட்டார். தண்டனை இருக்கிறதே, ஆகவே குற்றமும் இருந்திருக்கும் என்று கையொப்பம் இட்டுவிடுவார். அந்தப் பூதத்தின் கோப்பு அவ்வாறு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலம் 15-ஆம் பக்கம் இல்லாமலே ஊர் ஊராகச் சுற்றி வந்தது. 1980களில்தான் அப்பகுதியைத் தேடியெடுத்துப் படத்தில் மீண்டும் சேர்த்தார்கள்.

இதனோடு வெட்டுண்ட இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பிறவி உயிர்பெற்றவுடன் அதைப் படைத்த ஹென்றி வெறிகொண்டவன்போலக் கூவுகிறான். கடவுளாக இருப்பது எத்தகைய உணர்வு என்பதைத் தான் இப்பொழுது அறிந்துவிட்டதாகச் சொல்கிறான். இது தெய்வ நிந்தனை என்று கருதப்பட்டு, மறுவெளியீட்டில் அவ்வசனம் கேட்காதபடி இடியோசை சேர்க்கப்பட்டது. இதுவும் 1980களில் திரும்ப வந்தது. இரு வெட்டுக்களையும் அருகருகே வைத்து நோக்குக. ஒன்று படைத்தவனின் ஆணவத்தை மறைத்தது. மற்றொன்று படைக்கப்பட்டதன் பேதைமையை மறைத்தது. இரண்டும் சேர்ந்து எசமானனை வெளுப்பாக்கிப் பூதத்தைக் கறுப்பாக்கிவிட்டன. தணிக்கையாளர் கூடிப் பேசி இதைச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. தனித்தனியே நல்லெண்ணத்தோடு செய்த இரு காரியங்கள் இப்படி முடிந்தன.

மூலக் கதையை எழுதியவர் மேரி ஷெல்லி என்னும் இளம் பெண்மணி. நாவல் 1818-இல் வெளிவந்தது. அதிலும் ஒரு சிறுமியும் நீரும் வருகின்றன. ஆற்று வெள்ளத்தில் விழுந்த பெண்ணொருத்தியைப் பூதம் குதித்துக் காப்பாற்றுகிறது. கரையேற்றி உயிர்ப்பிக்க முயலும்பொழுது அவளைச் சேர்ந்தவன் ஒருவன் ஓடி வந்து, தவறாக நினைத்துத் துப்பாக்கியால் சுட்டுவிடுகிறான். மேரி ஷெல்லியின் பூதம் குற்றமற்றதன்று. தன்னைப் படைத்தவனின் தம்பியாகிய சிறுவன் வில்லியத்தைக் கழுத்தை நெரித்துக் கொன்றதும் அதுவே. ஆயினும் அங்கே அதற்குப் பேசும் வாய் இருக்கிறது. தன் வழக்கைப் பல அத்தியாயங்களில் தானே எடுத்துரைக்கிறது. 1931-ஆம் ஆண்டுப் படத்தின் பூதம் ஊமை. அதன் வாக்குமூலம் அந்த ஏரிக்கரைக் காட்சி ஒன்றே.

அதே 1931-இல் அதே நிறுவனம் வெளியிட்ட 'டிராகுலா'வின் கதை வேறு விதம். இரத்தம் உறிஞ்சும் பிரபுவாக பேலா லுகோசி நடித்த படம் அது. முடிவில் வான் ஹெல்சிங் வேடம் தாங்கிய எட்வர்ட் வான் ஸ்லோன் திரையில் தோன்றி, வீட்டிற்குப் போய் விளக்கை அணைத்தபின் அச்சம் வந்தால் மனத்தைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று ஆறுதல் சொல்பவர்போலத் தொடங்கி, இப்படிப்பட்டவை உலகில் உண்மையாகவே உண்டு என்று முடிப்பார். 1936-ஆம் ஆண்டு மறுவெளியீட்டில் இப்பகுதியை எடுத்துவிட்டார்கள்; பேய் உண்டு என்று நேரே சொல்வது மதப்பற்றுடையோரைப் புண்படுத்தும் என்ற அச்சமே காரணம். படம் முழுவதும் பிரபு கழுத்தைக் கடித்துக்கொண்டிருக்கலாமாம். அப்படி ஒருவர் உண்டு என்று மட்டும் சொல்லக்கூடாதாம்! இதனால் டிராகுலாவுக்கு நட்டம் ஒன்றும் இல்லை. வேடிக்கையான ஒரு வாலை இழந்தார், அவ்வளவே.

இனி நம் சகோதரியின் கேள்விக்கு வருவோம்.

'தி எக்ஸார்சிஸ்ட்' 1973 டிசம்பர் 26-ஆம் நாள் அமெரிக்காவில் வெளியாயிற்று. வில்லியம் பீட்டர் பிளாட்டி 1971-இல் எழுதிய நாவல். திரைக்கதையும் தயாரிப்பும் அவரே. இயக்கியவர் வில்லியம் ஃப்ரீட்கின். ரீகன் என்னும் 12 வயதுப் பெண்ணைப் பிசாசு பிடித்துக்கொள்கிறது. வைத்தியர்கள் கைவிட்டபின் மெரின் என்னும் முதிய பாதிரியாரும் காரஸ் என்னும் இளையவரும் பேயோட்ட வருகிறார்கள். காரஸ் உள்ளூர வாடிப்போனவர். தம்முடைய விசுவாசம் தளர்ந்துவிட்டது என்று எண்ணுபவர். வறுமையில் தனியே வாழ்ந்து தனியே இறந்த தாயை நினைந்து தம்மையே நொந்துகொள்பவர்.

பேயோட்டும் சடங்கின் நடுவே சற்று ஓய்ந்து இருவரும் மாடிப்படியில் அமர்கிறார்கள். ஏன் இந்தச் சிறுமி, இதனால் பிசாசுக்கு என்ன பயன் என்று காரஸ் கேட்கிறார். அதன் நோக்கம் நம்மை நம்பிக்கை இழக்கச் செய்வதே என்கிறார் மெரின். நாம் விலங்குகள், அருவருப்பானவர்கள், கடவுளின் அன்புக்குத் தகாதவர்கள் என்று நம்மையே நாம் காணும்படி செய்வது. இவ்வளவுதான் அக்காட்சி. ஒரு நிமிடத்துக்கு மேல் அதிகம் போகாது. ஃப்ரீட்கின் இதைப் படம்பிடித்தார், வெளியிடும்பொழுது நீக்கிவிட்டார். படம் காட்டுவதை வாயாலும் சொல்வானேன், இது பிரசங்கம் என்பது அவர் கட்சி. பிளாட்டி உடன்படவில்லை. படத்தின் ஆன்மாவே அதுதான் என்பது அவர் கட்சி. நண்பர்களாகிய இருவரும் இவ்வழக்கை இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார்கள்.

பிளாட்டியின் அச்சம் பொய்யாகவில்லை. படத்தின் முடிவை நினைவுகூர்க. மெரின் இறந்து கிடக்கிறார். காரஸ் வெகுண்டு, குழந்தையை விட்டு என்னிடம் வா என்று பிசாசை அழைக்கிறார். அது வருகிறது. அவர் முகம் மாறுகிறது. பிசாசின் கைகளாகிவிட்ட அவர் கைகள் குழந்தையின் கழுத்தை நோக்கி நீள்கின்றன. கணப்பொழுதில் அவர் முகம் மீண்டும் மனித முகமாகிறது. மாட்டேன் என்று அலறிச் சன்னல் வழியே பாய்ந்து உயிர் விடுகிறார். கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்துவிடும் இதைப் பார்த்தவர் பலர், பிசாசே அவரைத் தூக்கி வெளியே எறிந்தது என்று முடிவு செய்துகொண்டார்கள். நம் சகோதரியும் அவர்களுள் ஒருவர். அவர்மேல் பிழையில்லை. படிக்கட்டுப் பேச்சு இல்லாத படத்தில் பிசாசு என்பது கட்டிலை ஆட்டி, வாந்தியெடுத்து, வசைமொழி பேசும் ஒரு முரட்டு வலிமை. முரட்டு வலிமைக்கும் கிழவருக்கும் நடந்த போரில் கிழவர் மாண்டார். துணைக்கு வந்தவரும் மாண்டார். கணக்குப் பார்த்தால் வெற்றி எவர் பக்கம்?

அப்பேச்சைச் சேர்த்துப் பார்த்தாலோ கணக்கே மாறுகிறது. பிசாசு குறிவைத்தது சிறுமியையன்று. அவளைச் சூழ நின்று பார்த்துக்கொண்டிருப்பவர்களை. அவர்களுள்ளும் தம்மைத் தாமே வெறுத்துக்கொண்டிருந்த காரஸை. தாம் எதற்கும் தகாதவர் என்று எண்ணிக்கொண்டிருந்த அவர், யாரோ ஒருத்தியின் குழந்தைக்காகத் தம்மை ஒப்புக்கொடுத்தார். நம்பிக்கை இழக்கச் செய்ய வந்த பிசாசு அந்த ஓர் இடத்தில் தோற்றுவிட்டது. உடல் விழுந்தது என்பதால் வெற்றி எதிரியுடையது ஆகாது. 2000-ஆம் ஆண்டில் ஃப்ரீட்கின் தம் நண்பரின் விருப்பத்திற்கு இணங்கி, படிக்கட்டுப் பேச்சு உட்படப் பத்து நிமிட அளவுக்குக் காட்சிகளைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டார். மகன் காட்டியது அந்தப் படம்.

எது மெய்யானது என்று கேட்டால், காரஸின் மரணத்தைப் பொறுத்தவரை மகன் காட்டியதே மெய் என்பேன். கதையை எழுதியவரின் கருத்து அது என்பதற்காக மட்டும் அன்று. முதற்படத்திலும் காரஸின் முகம் மாறி மீள்வது இருக்கிறது. கூர்ந்து நோக்கினால் அங்கேயே அவர் வெற்றி தெரியும். பேச்சு புதிதாக எதையும் நுழைக்கவில்லை. இருந்ததைக் காணும்படி விளக்கைச் சற்றுத் தூண்டிவிடுகிறது.

ஆனால் சேர்த்தவை அனைத்தும் அப்படியல்ல. சிறுமி உடலைப் பின்புறமாக வளைத்துச் சிலந்திபோல மாடிப்படியில் இறங்கி வரும் காட்சியைப் பற்றி இளைஞர்கள் மிகவும் பேசுகிறார்கள். 1973-இல் அதைத் தாங்கிப் பிடித்த கம்பிகள் திரையில் தெரிந்ததால் விட்டுவிட்டார்கள். 2000-இல் கணினியால் கம்பிகளை அழித்துச் சேர்த்தார்கள். அதனால் பிசாசைப் பற்றி நமக்கு என்ன அறிவு கூடியது? எனக்கு இடுப்பு வலிதான் நினைவுக்கு வந்தது. பிசாசின் வெளிறிய முகத்தைச் சுவரிலும் சமையலறையிலும் மின்னலைப்போலக் கூடுதலாக அங்கங்கே தெளித்திருப்பதும் தேவையற்ற வேலை. ஒரு தடவை எதிர்பாராது கண்டால் திடுக்கிடுவோம். அடிக்கடி எட்டிப் பார்க்கும் பிசாசு, கடன் கேட்க வரும் அண்டை வீட்டாரைப் போல் ஆகிவிடுகிறது.

வெட்டுவது எல்லாம் தீது, சேர்ப்பது எல்லாம் நன்று என்று நான் சொல்லவரவில்லை என்பதற்கு 1980-ஆம் ஆண்டில் வெளியான 'தி ஷைனிங்' சாட்சி. ஸ்டீபன் கிங் 1977-இல் எழுதிய நாவலை ஸ்டான்லி குப்ரிக் படமாக்கினார். பனிக்காலத்தில் மூடிக் கிடக்கும் ஓவர்லுக் என்னும் மலை விடுதிக்குக் காவலனாக ஜாக் என்பவன் மனைவி வெண்டியோடும் சிறுவன் டானியோடும் போகிறான். விடுதியின் ஆவிகள் அவனை ஆட்கொள்கின்றன. கோடரி எடுத்துக் குடும்பத்தைக் கொல்லப் புறப்பட்டு, கடைசியில் பனியில் உறைந்து போகிறான். 1921 ஜூலை 4-ஆம் நாள் எடுத்த பழைய நிழற்படம் ஒன்றில் அவன் சிரித்துக்கொண்டிருப்பதோடு படம் முடிகிறது.

முதலில் வெளியிட்டபொழுது, உறைந்த உடலுக்கும் நிழற்படத்திற்கும் நடுவே இரண்டு நிமிடக் காட்சி ஒன்று இருந்தது. தப்பிப் பிழைத்த தாயும் மகனும் மருத்துவமனையில் இருக்கிறார்கள். விடுதியின் மேலாளர் அல்மன் பார்க்க வருகிறார். விடுதியில் தேடிப் பார்த்ததில் வழக்கத்துக்கு மாறான எதுவும் காணப்படவில்லை என்று வெண்டியிடம் இதமாகச் சொல்கிறார். போகும்போது சிறுவனிடம் ஒரு டென்னிஸ் பந்தை எறிகிறார். முன்பு விடுதித் தாழ்வாரத்தில் எவரும் இல்லாத திக்கிலிருந்து டானியிடம் உருண்டு வந்ததே, அத்தகைய பந்து! அப்படியானால் மேலாளருக்கு எல்லாம் தெரியும். படம் வெளியாகிச் சில நாட்களிலேயே குப்ரிக் இக்காட்சி வேண்டாம் என்று முடிவு செய்து, அரங்குகளில் ஓடிக்கொண்டிருந்த பிரதிகளினின்றே வெட்டச் செய்து, வெட்டிய துண்டுகளைத் திருப்பி அனுப்பும்படி ஏற்பாடு செய்தார். படப்பெட்டிகள் ரயிலில் வந்து இறங்கிய காலத்தில் நம் ஊர்க் கொட்டகை ஆபரேட்டர்களும் பாட்டுக்களை வெட்டியதுண்டு என்று எங்கள் பார்சல் அலுவலகத்து மூத்தவர்கள் சொல்வார்கள். அது கடைசி வண்டியைப் பிடிக்க வேண்டிய அவசரம். குப்ரிக்குடையது வேறு அவசரம்.

அவர் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். பந்தை எறிந்தவர் அல்மன் என்றால், விடுதியின் தீமைக்கு ஒரு முகமும் சம்பளமும் வந்துவிடும். சதி என்று பெயர் வைத்து நாம் நிம்மதியாக வீடு திரும்பலாம். காட்சி போனபின் நிழற்படம் தனியே நிற்கிறது. கேட்டால் பதில் சொல்வதில்லை. இரக்கத்தை வெட்டுவது வேறு, விளக்கத்தை வெட்டுவது வேறு. ஏரிக்கரையில் வெட்டியது முன்னது. மருத்துவமனையில் வெட்டியது பின்னது. படிக்கட்டுப் பேச்சும் விளக்கம்தானே என்று சகோதரியின் மகன் மடக்கலாம். அங்கே மெரின் பிசாசை விளக்குவதைக் காட்டிலும் எதிரே அமர்ந்திருக்கும் மனிதனையே விளக்குகிறார் என்பது என் பதில்.

இதே படத்தில் குப்ரிக் செய்த இன்னொரு வெட்டு எனக்கு உடன்பாடன்று. அமெரிக்காவில் 144 நிமிடம் ஓடிய படத்தை ஐரோப்பாவுக்காக 119 நிமிடமாகக் குறைத்தார். அதில் போனவற்றுள் ஒன்று, தொடக்கத்தில் டானியைப் பார்க்க ஒரு பெண் வைத்தியர் வீட்டிற்கு வரும் காட்சி. ஜாக் ஒரு முறை குடித்துவிட்டு வந்து பையனின் கையைப் பிடித்து இழுத்ததில் தோள் விலகிவிட்டது என்று வெண்டி அவரிடம் சொல்கிறாள். தற்செயலாக நேர்ந்ததென்றும், அன்று முதல் அவர் குடிப்பதில்லை என்றும் சிரித்துக்கொண்டே சொல்கிறாள். கேட்கும் வைத்தியரின் முகம் சிரிக்கவில்லை. பின்னால் ஜாக் தானும் அதைப் பற்றி மதுக்கடை ஆவியிடம் பேசுகிறான் என்பது உண்மை. ஆயினும் மலைக்குப் போகுமுன்னே, பேய் எதுவும் தோன்றுமுன்னே, தாயின் வாயால் கேட்பது போல் ஆகுமா? முழுப்படத்தில் விடுதியின் ஆவிகள் ஏற்கெனவே கோணியிருந்த ஒருவனைக் கண்டுபிடித்துக்கொள்கின்றன. குறைத்த படத்தில் நல்லவன் ஒருவனை அவை கெடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது. வேட்டியோ கால்சட்டையோ, குடித்துவிட்டு வந்து மனைவி மக்களை அடிக்கும் மனிதனைப் 'பேய் பிடித்தவன்' என்று சொல்லி அவன் குற்றத்தைப் பேயின் கணக்கில் எழுதிவிடும் வழக்கம் நம் குடியிருப்புக்களிலும் உண்டு. பேய்க்கு வக்கீல் இல்லை.

சகோதரிக்குக் கடைசியாகச் சில குறிப்புக்கள். 'எக்ஸார்சிஸ்ட்' வயது வந்தவர்களுக்கே உரியது. வீட்டில் சிறியவர்கள் இருந்தால் போட வேண்டாம். 122 நிமிடம் ஓடினால் தாங்கள் அன்று பார்த்தது. 132 நிமிடம் என்றால் மகனுடையது. முதலில் பழையதை ஒரு முறை பார்த்து, காரஸ் சன்னலருகே நிற்கும்பொழுது அவர் முகத்தை மட்டும் கவனித்துவிட்டுப் பின்னர்ப் புதியதைப் பார்க்குமாறு வேண்டுகிறேன். 'ஃப்ராங்கன்ஸ்டைன்' பார்ப்பதாயின் ஏரிக்கரைக்கு வந்ததும் விழிப்போடு இருக்க வேண்டும். பூதம் கைகளை நீட்டியவுடன் காட்சி சட்டென்று தாவினால் அது வெட்டுண்ட பிரதி. நிறுத்திவிட்டு வேறு பிரதி தேடச் சொல்லுங்கள். முழுப்படமும் ஏறக்குறைய 70 நிமிடந்தான். ஞாயிற்றுக்கிழமை பகல் உணவுக்குப் பின் தொடங்கினால் மாலைக் காபிக்கு முன் முடிந்துவிடும்.